பள்ளிக்கூடத்து டேப்பில் ஹெட்போன் ஓட்டை இல்லாவிட்டால் என்ன?

கேரள எல்லையில் வேலந்தாவளம் பக்கம் தமிழ் வழியில் நடக்கும் ஒரு எல்.பி. பள்ளியின் (தொடக்கப் பள்ளி) பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் கழகம்) இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய மாணவர்கள் பணம் போட்டுப் பள்ளிக்குப் பதினைந்து டேப் (டேப்லெட்) வாங்கித் தருகிறார்கள். கோயம்புத்தூர் கடையில் காட்டிய மாடலில் ஹெட்போன் மாட்டுகிற ஓட்டையே இல்லை. "இப்ப எல்லாமே ப்ளூடூத்துதானே, அது எதுக்குங்க?" என்கிறாராம் கடைக்காரர். விலை கட்டுப்படியாகிறது, திரையும் பெரிது. வாங்கலாமா, அந்த ஓட்டை இல்லாதது பிள்ளைகளுக்கு ஒரு குறையா என்று கேட்கிறார்.

என் பதில்: வாங்காதீர்கள். ஓட்டை உள்ள டேப் அதே விலையில் இன்னும் கிடைக்கிறது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதற்கும் வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்வது வீட்டுக்குப் பொருந்தும், பள்ளிக்கூடத்துக்குப் பொருந்தாது.

கொழிஞ்சாம்பாறையில் பதினான்கு வருடமாக மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சித்தூர் தாலுகாவில் பல பள்ளிகளின் லேப்டாப்பும் டேப்பும் ஸ்பீக்கரும் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. (ஆந்திராவிலும் ஒரு சித்தூர் உண்டு, நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர்.) அதனால் இதை ஒரு பள்ளிப் பொருளாக வைத்தே பேசுகிறேன்.

வீட்டில் ஒரு ஆள், ஒரு போன், ஒரு ப்ளூடூத் ஹெட்செட். ஒரு முறை இணைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். பள்ளியில் அப்படி இல்லை. காலையில் மூன்றாம் வகுப்புப் பையன் எடுத்த டேப் மத்தியானம் நான்காம் வகுப்புப் பெண்ணின் கையில் இருக்கும். நம் எல்லைப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் இன்னொரு நிலைமையும் உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு, அதனால் பல இடங்களில் ஒரே அறையில் இரண்டு வகுப்பு. டீச்சர் ஒரு பக்கம் நின்று மலையாளம் சொல்லிக்கொடுக்கும்போது மறுபக்கம் உள்ள பிள்ளைகள் தமிழில் பதிவான பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கொரோனா காலத்தில், 2020 ஜூன் 1 முதல் கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் ஃபர்ஸ்ட் பெல் என்ற டிவி வகுப்புகள் ஆரம்பித்தபோது தமிழ் வழிக்கும் பாடங்கள் பதிவு செய்து கொடுத்தார்கள். அந்த மாதிரி வீடியோக்களையும், டீச்சர்களே போனில் பேசிப் பதிவு செய்த பாடங்களையும் நம் பள்ளிகள் இன்றும் பயன்படுத்துகின்றன. ஹெட்செட் இல்லாமல் ஒரே அறையில் அது நடக்காது. பத்து டேப் ஒரே நேரத்தில் வாய் திறந்து பேசினால் டீச்சரின் குரலும் கேட்காது, பாடமும் கேட்காது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு டேப் நன்கொடையாக வந்தது. எதிலும் ஹெட்போன் ஓட்டை இல்லை. கூடவே ஆளுக்கொரு ப்ளூடூத் நெக்பேண்டும் கொடுத்திருந்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால், டேப்பில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தாலே ஒரே பெயர் பன்னிரண்டு தடவை வரிசையாக நிற்கிறது. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். முதல் பெஞ்சுப் பையன் ஒன்றைத் தொடுகிறான், மூன்றாம் பெஞ்சுப் பெண்ணின் காதில் பாட்டு கேட்கிறது. அவள் திரும்பிப் பார்த்து, "டீச்சர், என்னோடதுல வேற யாரோ பேசறாங்க" என்கிறாள். அவள் திரையில் கணக்குப் பாடம், காதில் காக்கா நரி கதை.

நான் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு ஸ்டிக்கர் ஒட்டினேன். டேப்பில் அதே எண்ணைப் பெயராக மாற்றி வைத்தேன். அன்றைக்குச் சரியாக ஓடியது. அடுத்த திங்கட்கிழமை நான்கு நெக்பேண்டில் சார்ஜ் இல்லை. வெள்ளிக்கிழமை யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள், ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. எண் மாறி எடுத்துக்கொண்டால் மறுபடி அதே குழப்பம், ஏனென்றால் ப்ளூடூத் ஹெட்செட் தான் கடைசியாகச் சேர்ந்திருந்த டேப்பைத்தான் முதலில் தேடிப் போகும். டீச்சர் என்னிடம் சொன்னார்: "பாடம் நடத்தற நேரத்தை விட இதைச் சேர்த்து வைக்கற நேரம்தான் சார் ஜாஸ்தி." பரீட்சை நெருங்கும்போது போய்ப் பார்த்தேன். நெக்பேண்டுகள் எல்லாம் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். பிள்ளைகள் டேப்பைத் தூக்கி, ஸ்பீக்கர் இருக்கும் ஓரத்தைக் காதோடு ஒட்ட வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காதில் வைத்தால் படம் தெரியாது, படம் பார்த்தால் குரல் கேட்காது. ஒரு பையன் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தான்.

அந்தக் காட்சிதான் இதை எழுத வைத்தது. ஒயர் உள்ள ஹெட்செட்டாக இருந்தால் குத்தினால் கேட்கும், உருவினால் நிற்கும். பெயர், எண், சார்ஜ் எதுவும் கிடையாது. எந்தப் பிள்ளை எந்த ஹெட்செட்டை எடுத்தாலும் எந்த டேப்பிலும் வேலை செய்யும்.

இந்த ஓட்டை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் ஆபரேட்டர்கள் ஒரு இணைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் குத்திய பெரிய பின்னின் பேரக்குழந்தைதான் நம் 3.5 மில்லிமீட்டர் பின். 1979இல் சோனி வாக்மேன் வந்தபோது இது வீடு வீடாகப் பரவியது. அந்த முதல் வாக்மேனில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு ஓட்டை வைத்திருந்தார்கள். ஒன்றுகூட வேண்டாம் என்ற முடிவுக்கு 2016 செப்டம்பரில் ஆப்பிள் வந்தது, ஐபோன் 7இல். அதே நாளில் ஏர்பாட்ஸையும் அறிவித்தார்கள். உள்ளே இடம் மிச்சம், தண்ணீர் புகும் வழி ஒன்று குறையும் என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம். போனுக்கு அதில் நியாயம் இருக்கலாம். டேப்பில் இடத்துக்கு என்ன பஞ்சம்? 2018இல் ஐபேட் ப்ரோவில் எடுத்தார்கள், அப்புறம் ஏரில், மினியில். 2022 அக்டோபரில் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில், அதாவது அமெரிக்கப் பள்ளிகள் மொத்தமாக வாங்குகிற விலை குறைந்த வரிசையிலேயே, ஓட்டை போய்விட்டது. ஓட்டை இருந்த ஒன்பதாம் தலைமுறை 2024 மே மாதம் வரை விற்பனையில் இருந்தது. இன்று ஆப்பிள் விற்கும் எந்தப் புது ஐபேடிலும் அது கிடையாது.

ஆண்ட்ராய்டில் நிலைமை வேறு, அதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. 2022 டிசம்பரில் ஆந்திர அரசு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் டேப் கொடுத்தது. அது சாம்சங் டேப் ஏ7 லைட், அதில் 3.5 ஓட்டை உண்டு. அதற்குப் பின்னால் 2023இல் வந்த டேப் ஏ9, ஏ9 பிளஸ் இரண்டிலும் உண்டு. லெனோவோ டேப் எம்11இல் உண்டு. ரெட்மி கதையைக் கவனியுங்கள்: 2022இல் வந்த ரெட்மி பேடில் இல்லை, 2023இல் வந்த ரெட்மி பேட் எஸ்.இ.யில் இருக்கிறது. ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே பெயர். ஷாவ்மி பேட் 6இலும் ஒன்பிளஸ் பேடிலும் கிடையாது. அதனால் கம்பெனிப் பெயரை நம்பாதீர்கள், மாடலின் முழுப்பெயரைப் பாருங்கள், கடையில் டேப்பைக் கையில் வாங்கி நான்கு ஓரத்தையும் திருப்பிப் பாருங்கள். வட்டமான ஓட்டை கண்ணில் பட வேண்டும். பட்டால் பையிலிருக்கும் ஹெட்செட்டைக் குத்திக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சரி, கன்வெர்ட்டர் போட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். சார்ஜ் போடுகிற டைப் சி பின்னிலிருந்து 3.5 ஓட்டையாக மாற்றித் தரும் சின்ன ஒயர் கடைகளில் தொங்குகிறது. ஆகும், ஆனால் அதில் இரண்டு வகை உண்டு, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வகையில் உள்ளே வெறும் ஒயர்தான். டேப்பே ஒலியை அனலாக்காக, அதாவது ஹெட்போன் நேரடியாக ஒலிக்கக்கூடிய மின் அலையாக, தயாரித்து டைப் சி வழியே அனுப்பினால்தான் அது பாடும். பல டேப்கள் அப்படி அனுப்புவதில்லை, ஐபேட் அனுப்பவே அனுப்பாது. இன்னொரு வகையில் பின்னுக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருக்கிறது, டேப் தரும் டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றுவது அதன் வேலை. அதற்கு டாக் என்று பெயர். வாங்கும்போது "டாக் சிப் உள்ளதா" என்று கேட்டு, டேப்பில் குத்திப் பார்த்து வாங்க வேண்டும். விலை மலிவு என்று முதல் வகையில் இருபது வாங்கி வந்து, ஒன்றும் பேசவில்லை என்று என் மேசையில் கொட்டியவர்கள் உண்டு.

கன்வெர்ட்டரின் பெரிய தொல்லை சார்ஜ். ஓட்டை ஒன்றே ஒன்று. பாடம் கேட்டால் சார்ஜ் ஏறாது, சார்ஜ் போட்டால் பாடம் கேட்காது. காலை முழுக்க ஓடிய டேப் மத்தியானம் இருபது சதவீதத்தில் நிற்கும்போது இது தெரியும்.

அதைவிட எனக்குக் கவலை வேறு. 3.5 பின் உருண்டை. ஓட்டைக்குள் சுழலும். பிள்ளை ஹெட்செட் மாட்டியபடி எழுந்து திரும்பினால் பின்னும் கூடவே திரும்பும், இழுத்தால் கழன்று வந்துவிடும். டைப் சி தட்டை, சுழலாது. டேப்பின் ஓட்டைக்குள் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கிறது, டார்ச் அடித்துப் பாருங்கள், தெரியும். தொடர்புப் புள்ளிகள் எல்லாம் அந்த நாக்கின் மேல்தான். டைப் சி பத்தாயிரம் தடவை குத்தி எடுக்கத் தாங்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள், அது நேராகக் குத்தி நேராக எடுப்பதற்கு. பக்கவாட்டில் ஒயரைப் பிடித்து இழுத்தால் நாக்கு ஆடும். ஆடினால் ஒலி மட்டும் போகாது, சார்ஜும் சேர்ந்து போகும், டேப்பே படுத்துவிடும். ஹெட்போன் ஓட்டை கெட்டுப்போன டேப் ஸ்பீக்கரிலாவது பாடும். இந்த வித்தியாசத்தை வாங்குகிறவர்கள் யோசிப்பதில்லை. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஓட்டைக்குள் புழுதி வேறு போய் அடைத்துக்கொள்ளும். உருண்டை ஓட்டையை ஒரு பல்குச்சியால் பக்குவமாகச் சுத்தம் செய்துவிடலாம். டைப் சி நாக்கின் பக்கத்தில் குச்சியை விட எனக்கே கை நடுங்கும்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ், கூடவே மலையாளமும் படிக்க வேண்டும். மலையாளத்தில் ச மூன்று விதம். சலபம் என்று எழுதுகிறோமே, பட்டாம்பூச்சி, அதில் முதலில் வருவது ஒன்று. வர்ஷம் என்பதில் நடுவில் வருவது இன்னொன்று. ஸமயம் என்பதில் வருவது மூன்றாவது. ககரமே நான்கு விதம். மலையாளம் பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது தாய்ப்பாலோடு வருகிறது. நம் பிள்ளை காதால் கேட்டு, வாயால் சொல்லி, தான் சொன்னதைத் திரும்பக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். டேப்பில் அதற்கு அருமையான வசதி இருக்கிறது: டீச்சரின் உச்சரிப்பைக் கேட்பது, மைக்கில் தானே படித்துப் பதிவு செய்வது.

இங்கேதான் விலை குறைந்த ப்ளூடூத் ஹெட்செட் கழுத்தை அறுக்கிறது. பாட்டு கேட்கும்போது அதில் ஒலி நன்றாகத்தான் இருக்கும். மைக்கைத் திறந்த உடனே அது போன் பேசுகிற தரத்துக்கு இறங்கிவிடும். பழைய முறையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி எதுவும் போகாது, சற்றுப் புதிய முறையில் 8,000 வரை போகும். ஸ என்ற சீறலின் பெரும்பகுதி இருப்பதே அந்த 4,000க்கு மேலேதான். போனில் யாராவது புதுப் பெயர் சொன்னால் "ஸாவா, ஷாவா, ஃபாவா" என்று திருப்பிக் கேட்கிறோமே, அது இதனால்தான். எந்த வித்தியாசத்தைப் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டுமோ அதையே வடிகட்டிவிட்டுக் காதில் போட்டால் அவன் எப்படிக் கற்பான்? இது தவிர, ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தி வரும். தட்டினால் எழுத்தைச் சொல்லும் ஆப்பில் விரல் ஒரு எழுத்திலும் காது முந்தின எழுத்திலும் இருக்கும். பார்வை இல்லாத பிள்ளை திரையைத் தடவித் தடவி, அதில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் குரல் கேட்டு நகர்பவன், அவனுக்கு இந்தப் பிந்தல் பெரிய இடைஞ்சல். காது கேட்கும் கருவி வைத்திருக்கும் பிள்ளைகள் கழுத்தில் போட்டுக்கொள்ளும், ஒலியை அந்தக் கருவிக்கு அனுப்பும் லூப் என்று ஒன்று உண்டு, அதில் பல மாடல்கள் 3.5 பின்னோடுதான் வருகின்றன.

ஒயர் ஹெட்செட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. எத்தனையோ பேர் பார்த்துப் பயந்து என்னிடம் கொண்டுவந்த விஷயம் இது: ஹெட்செட்டைக் குத்தினால் பின்னணி இசை கேட்கிறது, பேசுகிற குரல் மட்டும் காணாமல் போகிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. டேப் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். கெடவில்லை. மைக் உள்ள பின்னில் நான்கு உலோகப் பகுதி உண்டு. கடைசி இரண்டில் எது மைக், எது தரை (இரண்டு காதுக்கும் பொதுவான திரும்பும் இணைப்பு) என்பதில் பழைய ஹெட்செட்டுகள் ஒரு முறையும் இப்போதைய டேப்கள் இன்னொரு முறையும் வைத்திருக்கின்றன. மாறிப் போனால் தரை இணைப்புச் சரியாகக் கிடைக்காது, இடது காதுக்கும் வலது காதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். டீச்சரின் குரல் இரண்டு காதுக்கும் சமமாகப் பதிவானது, அதனால் ஒன்றை ஒன்று கழித்து மறைந்துவிடும். ஹெட்செட் ஒயரில் உள்ள மைக் பட்டனை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், குரல் டக்கென்று திரும்பி வந்தால் இதுதான் காரணம். பின் பாதிதான் உள்ளே போயிருந்தாலும் இதேதான் நடக்கும். அதனால் பிள்ளை "டீச்சர், பாட்டு மட்டும் வருது" என்றால் முதலில் பின்னை "டக்" சத்தம் கேட்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள்.

ஒலி அளவையும் மறக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை, பெரியவர்களுக்கு 80. காதுக்குள் திருகும் இயர்போனைவிடக் காதை மூடுகிற ஹெட்போன் நல்லது. வெளிச் சத்தம் அடங்கினால் உள்ளே வால்யூம் ஏற்றத் தோன்றாது. துடைக்கவும் எளிது, ஒரு பிள்ளையின் காதிலிருந்து இன்னொரு பிள்ளையின் காதுக்குப் போகிற பொருள் இது.

ஏற்கெனவே ஓட்டை இல்லாத டேப்புக்குப் பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் இப்படிச் செய்யுங்கள். ப்ளூடூத்தை விட்டுவிடுங்கள். டாக் சிப் உள்ள கன்வெர்ட்டர் பதினைந்துக்கு இருபது வாங்குங்கள், ஐந்து காணாமல் போகும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும், சார்ஜும் ஒலியும் சேர்ந்து போகிற இரட்டை ஓட்டை உள்ளதில் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். கன்வெர்ட்டரை ஹெட்செட்டோடு சேர்த்துவிடாதீர்கள், டேப்போடு சேருங்கள். டேப்பின் கவரின் பின்பக்கம் அதன் ஒயரை ஒரு வளையம் விட்டு மடக்கி இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடுங்கள், டைப் சி முனை எப்போதும் குத்தியபடியே இருக்கட்டும், மாலையில் சார்ஜுக்கு மட்டும் டீச்சர் எடுக்கட்டும். பிள்ளைகள் தொடுவது 3.5 முனையை மட்டும்தான். இழுபடுவது அந்த வளையம், உள்ளே இருக்கும் நாக்கு இல்லை. போன வருடம் ஒரு யு.பி. (நடுநிலை) பள்ளியில் எட்டு டேப்புக்கு இப்படி ஒட்டிக் கொடுத்தேன். மூன்று கவரில் இன்சுலேஷன் டேப் பிரிந்து மறுபடி ஒட்ட வேண்டி வந்தது, எட்டின் ஓட்டையும் இன்னும் ஆடாமல் இருக்கிறது.

இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கடைக்குப் போகும்போது வீட்டில் உள்ள பழைய ஒயர் ஹெட்செட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பேச்சு உள்ள ஏதாவது ஒரு வீடியோவை ஓடவிட்டு இரண்டு காதிலும் குரல் கேட்கிறதா, மைக்கில் பேசினால் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு, பில்லில் மாடலின் முழுப்பெயரை எழுதி வாங்குங்கள். பதினைந்தும் வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றிலும் அதே ஹெட்செட்டைக் குத்திப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.